உஷார்! ஹவானாவில் விருந்து முடிந்ததும் வரும் சுருட்டுப் பெட்டி

கியூபாவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? உங்கள் வீட்டில், சொந்தத்தில், அலுவலகத்தில் யாராவது போட்டிருக்கிறார்களா? அப்படியென்றால் இதைத் தள்ளிப்போடாமல் படித்துவிடுங்கள். ஹவானாவில் சுருட்டு விற்று ஏமாற்றுகிறவர்கள் உங்களைத் தேடி வரும் நேரம் ஒன்று இருக்கிறது. வயிறும் மனசும் நிறைந்து நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் அது.

நடப்பதை அப்படியே சொல்கிறேன். வெடாடோவிலோ சென்ட்ரோ ஹவானாவிலோ ஒரு பலதாரில் சாப்பிடுகிறீர்கள். வீட்டையே உணவகமாக்கி நடத்தும் தனியார் கடைகளை அங்கே பலதார் என்பார்கள். 1990களில் அனுமதி கிடைத்தபோது 12 நாற்காலிக்கு மேல் போடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. இன்று பல கடைகள் மாடி, மொட்டைமாடி என்று விரிந்துவிட்டன. சிங்கி இறால் வருகிறது, கறுப்பு பீன்ஸ் கலந்த சோறு வருகிறது, வறுத்த வாழைப்பழம் வருகிறது. மூலையில் இரண்டு பேர் கிட்டார் வாசிக்கிறார்கள். ஏழு வருடம் பீப்பாயில் கிடந்த ரம் ஒரு கிளாஸ் உள்ளே போயிருக்கிறது. கூட வந்தவர்களில் ஒருவர், "ஹவானாவுக்கு வந்துவிட்டு ஒரு சுருட்டு பிடிக்காமல் போவதா?" என்கிறார்.

அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். பரிமாறியவரின் மைத்துனராக இருக்கலாம், வாசலில் உங்களுக்கு வழி காட்டியவராக இருக்கலாம். ஊர் கேட்பார். "இந்தியாவா! காந்தி!" என்பார். அவருடைய மாமா பார்த்தகாஸ் தொழிற்சாலையில் முப்பது வருடமாகச் சுருட்டு உருட்டுகிறாராம். தொழிலாளர் கூட்டுறவுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள் பாதி விலைக்கு விற்கும் உரிமை உண்டாம். அந்த நாள் இன்றைக்குத்தானாம், ராத்திரியோடு முடிகிறதாம். இரண்டு தெரு தள்ளி வீடு. வந்து பார்த்தால் போதும், வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

போகாதீர்கள். அந்தக் கூட்டுறவு விற்பனை நாள் என்பது எந்த நாளிலும் கிடையாது. நேற்று வந்த டூரிஸ்ட்டுக்கும் அதே "இன்றைக்குத்தான்" சொல்லப்பட்டது, நாளை வருகிறவருக்கும் சொல்லப்படும். இந்தக் கதையில் உண்மையின் துணுக்கு ஒன்று ஒட்டியிருப்பதால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்குச் சொந்த உபயோகத்துக்குச் சில சுருட்டு கொடுப்பது வழக்கம்தான். அவை பெயர் போட்ட காகிதப் பட்டை ஒட்டாதவை. கோஹிபா என்ற உயர்ந்த ரகச் சுருட்டை மரப்பெட்டியில் 25ஆக அடுக்கி, முத்திரை ஒட்டி, எந்தத் தொழிலாளிக்கும் கொடுத்து அனுப்புவதில்லை.

காப்பிடோலியோ கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய பார்த்தகாஸ் தொழிற்சாலை 1845இல் தொடங்கிய பெயரைத் தாங்கி நிற்பது. அதைச் சுற்றித்தான் தரகர்கள் அதிகம். "இன்றைக்கு ஃபேக்டரி லீவு, வாருங்கள் நான் வேறு இடம் காட்டுகிறேன்" என்பார்கள். அந்தக் கட்டடத்தில் சுருட்டு உருட்டும் வேலை நின்று, வேறு இடத்துக்கு மாறி ஆண்டுகள் பல ஆகின்றன. லீவு விடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

விலையைக் கேட்டதுமே உங்களுக்கு மணி அடிக்க வேண்டும். கியூபச் சுருட்டை உலகம் முழுக்க விற்கும் உரிமை 1994இல் தொடங்கிய ஹபானோஸ் எஸ்.ஏ. என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2022இல் அந்த நிறுவனம் கோஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு ரகங்களின் விலையையும் ஹாங்காங் விலைக்கு இணையாக எல்லா நாட்டிலும் ஏற்றியது. உற்பத்தி நடக்கும் ஊர் என்பதற்காக ஹவானாவில் தள்ளுபடி எதுவும் இல்லை. இன்று கடையில் ஒரு நல்ல கோஹிபா ஒற்றையாக வாங்கினாலே ஆயிரக்கணக்கில் ரூபாய் ஆகும். 2022 செப்டம்பரில் இயன் புயல் பினார் டெல் ரியோ மாகாணத்தில் புகையிலை உலர்த்தும் கொட்டகைகளை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. உயர்ந்த இலை விளையும் வுவெல்டா அபாஹோ அங்கேதான் இருக்கிறது. சரக்கு குறைந்து, விலை ஏறி, அசல் கடைகளிலேயே பல ரகங்கள் கிடைக்காத நிலைமையில், மாமா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் மட்டும் பெட்டி பெட்டியாகக் கோஹிபா எப்படிக் கிடைக்கும்?

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தெரிய வேண்டுமா? தொழிற்சாலையில் வெட்டிக் கழித்த இலைத் துண்டு, தரையில் கூட்டிய தூள், சரியாகப் பதப்படாத பச்சை வாசனை அடிக்கும் இலை. சில சமயம் வாழைச் சருகுகூட இருக்கும். மேலே மட்டும் பார்வைக்கு ஒரு நல்ல இலையைச் சுற்றி, எங்கிருந்தோ வந்த பட்டையை ஒட்டியிருப்பார்கள். பற்றவைத்தால் ஒரு பக்கம் எரியும், மறுபக்கம் அணையும். நாக்கு எரியும், தொண்டை பிடிக்கும். பிடித்துப் பழக்கமில்லாதவர் "கியூபச் சுருட்டு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு, மீதிப் பெட்டியை ஊரில் மேலதிகாரிக்குப் பரிசாக வேறு கொடுத்துவிடுவார்.

யாராவது பெட்டியை உங்கள் மேஜையில் வைத்துவிட்டால், மூடியைத் திறக்கும் முன் அடியைத் திருப்பிப் பாருங்கள். அசல் பெட்டியின் அடியில் நிறுவனத்தின் பெயர், கியூபாவில் செய்தது, முழுக்கக் கையால் செய்தது என்ற மூன்றும் ஸ்பானிய மொழியில் மரத்தில் சுட்டுப் பதித்திருக்கும். விரலால் தடவினால் பள்ளம் தெரியும். மையால் அச்சடித்தது என்றால் அங்கேயே முடிந்தது. அதன் பக்கத்தில் ரப்பர் முத்திரையால் தொழிற்சாலையின் ரகசியக் குறியும், பெட்டியில் அடைத்த மாதமும் ஆண்டும் குத்தியிருப்பார்கள். அந்த மாதத்தை நன்றாகக் கவனியுங்கள். கியூபாவில் ஜனவரி 'எனேரோ', ஏப்ரல் 'அப்ரில்', ஆகஸ்ட் 'அகோஸ்தோ', டிசம்பர் 'திசியெம்ப்ரே'. இவற்றின் முதல் மூன்று எழுத்துதான் பெட்டியில் இருக்கும். இந்த நான்கு மாதங்களில் ஒன்றுக்கு ஆங்கிலச் சுருக்கம் இருந்தால், செய்தவன் தொழிற்சாலைப் பக்கமே போகாதவன்.

முன்பக்கம் இடது ஓரத்தில் பச்சை நிற அரசு முத்திரைத் தாள் மடிந்து ஒட்டியிருக்க வேண்டும். 2010க்குப் பிறகு வந்த முத்திரைகளில் ஹாலோகிராமும் பார்கோடும் உண்டு. அந்த எண்ணை ஹபானோஸ் நிறுவனத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். வலது மேல் மூலையில் சாய்வாக 'ஹபானோஸ்' சீட்டு இருக்கும். பிறகு மூடியைத் திறந்து சுருட்டுகளின் நிறத்தைப் பாருங்கள். அசல் பெட்டியில் இடது பக்கம் கறுத்த நிறத்தில் தொடங்கி, வலது பக்கம் வெளிறிக்கொண்டே போகும்படி அடுக்கியிருப்பார்கள். அதற்கென்றே தொழிற்சாலையில் நிறம் பிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பட்டைகள் எல்லாம் நூல் பிடித்தது போல ஒரே உயரத்தில், முகம் மேலே பார்த்தபடி இருக்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால், நிறம் திட்டுத் திட்டாக இருந்தால், மரியாதையாக மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேலே கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டியைக் காட்டுவார்கள். உள்ளே அடுக்கியிருப்பது பளிச்சென்று தெரியும், பார்க்க அழகாகவும் இருக்கும். கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வந்ததே இல்லை. மெக்ஸிகோக் கடற்கரை ஊர்களிலும் கரீபியன் தீவுகளிலும் இந்தக் கண்ணாடிப் பெட்டி மலிந்து கிடக்கிறது. கான்குன் போகிறவர்களும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல கோஹிபாவிலேயே 'பெஹிகே' என்று 2010இல் வந்த மிக உயர்ந்த ரகம். அது பத்து பத்தாகத்தான் பெட்டியில் வரும். 25 பெஹிகே அடுக்கிய பெட்டியைக் காட்டினால், எண்ணிக்கையே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அசல் காலிப்பெட்டிக்கு ஹவானாவில் தனிச் சந்தை உண்டு. அசல் பெட்டி, அசல் பட்டை, உள்ளே குப்பை. முத்திரை கிழிந்திருக்கிறதா, ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று அரையிருட்டில், ரம் ஏறிய கண்ணோடு உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? என் தீர்ப்பு ஒன்றுதான்: உணவு மேஜையில் பெட்டி வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல மனிதர் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். அந்த ராத்திரியில் சுருட்டு பிடித்தே தீர வேண்டும் என்று இருப்பவர், பகலிலேயே லா காஸா டெல் ஹபானோ கடைக்கோ, பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் அங்கீகாரம் பெற்ற கடைக்கோ போய், ஒன்றே ஒன்று வாங்கி, பில்லைப் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

புகையிலை விளையும் வின்யாலெஸ் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அங்கே விவசாயிகள் விளைச்சலில் பெரும்பகுதியை அரசுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தாங்களே உருட்டி, பட்டை இல்லாமல் பனை ஓலையில் கட்டி விற்பார்கள். அதில் ஒளிவுமறைவு இல்லை. பண்ணைச் சுருட்டைப் பண்ணைச் சுருட்டாகவே விற்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்துக்கு. கொட்டகையில் டூரிஸ்ட்டுகளை வரிசையாக உட்காரவைத்து, இலையின் நடுநரம்பை உருவிக் காட்டி, "நிகோட்டின் எல்லாம் இந்த நரம்பில்தான், அதை எடுத்தாகிவிட்டது, இனி உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. முனையைத் தேனில் தோய்த்து வேறு கொடுப்பார்கள். புகையே பிடிக்காத பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள்கூட வாங்கி இழுக்கிறார்கள். இது பச்சைப் பொய். நரம்பை உருவுவது நல்ல சுருட்டு எல்லாவற்றுக்கும் நடக்கிற சாதாரண வேலை. நிகோட்டின் நரம்பைவிட இலைப்பரப்பில்தான் அதிகம். தேன் தொட்டாலும் நஞ்சு நஞ்சுதான்.

இப்போது விமான நிலையம். மயக்கமெல்லாம் தெளிகிற இடம். கியூபாவை விட்டு வெளியேறும்போது உதிரியாக 20 சுருட்டு வரை காகிதம் இல்லாமல் கொண்டுபோகலாம். முத்திரை உடையாத அசல் பெட்டியில் 50 வரை. அதற்கு மேல் என்றால் அங்கீகாரம் பெற்ற கடையின் பில் வேண்டும். மாமா வீட்டில் வாங்கியதற்குப் பில் ஏது? பறித்துக்கொண்டால் முறையிட ஆள் இல்லை.

அமெரிக்கா வழியாகத் திரும்புகிறவர்களும், டொரன்டோவில் இருந்துகொண்டு வராதேரோ கடற்கரைக்கு விடுமுறைக்குப் போய்வரும் நம் தமிழ்க் குடும்பங்களும் இதை இரண்டு முறை படியுங்கள். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1962 பிப்ரவரியில் கியூபா மீது வர்த்தகத் தடை போட்டார். கையெழுத்துப் போடும் முன் தனக்காக 1,200 சுருட்டு வாங்கி வரச் சொன்னதை அவருடைய செய்திச் செயலாளர் பியர் சாலிஞ்சரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒபாமா காலத்தில் தளர்வு வந்தது. 2016இல் பயணிகள் சொந்த உபயோகத்துக்கு எடுத்துப்போகலாம் என்றுகூட ஆனது. அந்தப் பழைய செய்தியை நினைவில் வைத்துக்கொண்டுதான் இன்னும் பலர் மாட்டுகிறார்கள். 24 செப்டம்பர் 2020 முதல் அந்த அனுமதி கிடையாது. கனடாவில் வாங்கியதா, துபாய் ஏர்போர்ட்டில் வாங்கியதா என்பதெல்லாம் கணக்கில்லை. கியூபச் சுருட்டு என்றால் ஒன்றுகூட அமெரிக்காவுக்குள் போகக் கூடாது. நியூ ஜெர்சியில் சித்தி மகள் கல்யாணம் என்று டொரன்டோவிலிருந்து காரில் கிளம்புகிறீர்கள். மாப்பிள்ளைக்குப் பரிசாக டிக்கியில் ஒரு பெட்டி இருக்கிறது. எல்லையில் அதைப் பறித்துக்கொள்வார்கள், அபராதமும் வரலாம். கல்யாணத்துக்குப் போகிற வழியில் இந்தத் தலைவலி தேவையா?

சுருட்டே வாங்காவிட்டாலும் வருகிற வில்லங்கம் ஒன்று இருக்கிறது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் விசா இல்லாமல் எஸ்டா அனுமதியோடு அமெரிக்கா போய்வந்து பழகியிருப்பீர்கள். 12 ஜனவரி 2021 அன்றோ அதற்குப் பிறகோ கியூபாவுக்குள் கால் வைத்திருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. தூதரகத்தில் நேர்காணலுக்குப் போய் விசா வாங்க வேண்டும். விடுமுறைப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஹவானாவுக்கு டிக்கெட் போடும் முன், அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் அமெரிக்காவில் உங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று யோசித்துவிடுங்கள்.

இந்தியா திரும்புகிறவர்களுக்கு வரியில்லாமல் 25 சுருட்டு. அல்லது 100 சிகரெட், அல்லது 125 கிராம் புகையிலை. மூன்றில் ஒன்றுதான், மூன்றும் சேர்த்து இல்லை. சிங்கப்பூரில் புகையிலைக்கு வரிவிலக்கே கிடையாது. ஒன்றே ஒன்று கொண்டுவந்தாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். ஆஸ்திரேலியாவில் 25 கிராம்தான். நல்ல கனமான சுருட்டு இரண்டிலேயே அந்த அளவு ஏறக்குறைய முடிந்துவிடும்.

இத்தனையும் தாண்டிச் சென்னைக்குக் கொண்டுவந்தாலும், அலமாரியில் வைத்தால் புகையிலை வண்டு காத்திருக்கிறது. இலைக்குள் முட்டை இருந்தால் நம் ஊர் வெக்கைக்குப் பொரித்துவிடும். அசல் சரக்கை ஏற்றுமதிக்கு முன் உறைய வைத்து அதைக் கொல்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டிக்கு யார் அதைச் செய்திருப்பார்கள்? ஒருநாள் திறந்தால் ஊசித் துளைகளும் தூளும்தான்.

பணத்தையும் பறிமுதலையும் பற்றியே இவ்வளவு பேசிவிட்டேன். எனக்கு மிகப் பெரிய பயம் உடம்பைப் பற்றியது. "நான் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயில் வைத்து விடுவதோடு சரி" என்று சொல்லாத சுருட்டுக்காரரே இல்லை. சிகரெட்டில் இருக்கும் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 17 கிராம் வரை இருக்கும். ஒரு முழு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை அந்த ஒன்றிலேயே அடங்கிவிடலாம். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. அதனால் உள்ளே இழுக்காமலேயே நிகோட்டின் வாயின் உள்தோல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். பழக்கமில்லாதவருக்குப் பாதி எரிவதற்குள் நெற்றி வியர்க்கும், கை சில்லிடும், வயிற்றைப் புரட்டும், நெஞ்சு படபடக்கும். பெரும்பாலும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைப்பார்கள். உடனே கீழே வைத்துவிட்டு, காற்றாட உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பரீட்சை பார்க்கவே வேண்டாம்.

வாய்ப் புற்று, தொண்டைப் புற்று, உணவுக்குழாய்ப் புற்று எல்லாவற்றுக்கும் சுருட்டு காரணமாகிறது. கூடவே மது சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. அந்த விருந்து மேஜையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன? அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கிராண்ட் ஓயாமல் சுருட்டு பிடித்தவர். 1885இல் தொண்டைப் புற்றில் போனார். சிக்மண்ட் ஃபிராய்டுக்கு 1923இல் வாய்ப் புற்று தெரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். 16 வருடம் வலியோடு வாழ்ந்து 1939இல் இறந்தார். கோஹிபா என்ற சுருட்டே ஃபிடல் காஸ்ட்ரோவுக்காக உருவானது. அந்த காஸ்ட்ரோ 1985இல் சுருட்டை விட்டுவிட்டு, 2016 வரை இருந்தார்.

குழந்தைகளோடு போகிறவர்கள், பாதி பிடித்த சுருட்டை நாளைக்கு ஆகட்டும் என்று ஹோட்டல் அறை மேஜையில் வைக்காதீர்கள். தவழும் பிள்ளை அந்தத் துண்டை வாயில் போட்டுக் கடித்தால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் நனைத்து, கைக்கு எட்டாத குப்பையில் போடுங்கள். கர்ப்பிணியோ குழந்தையோ இருக்கும் மேஜையில் யாரும் பற்றவைக்க விடாதீர்கள். கூச்சப்படாமல் எழுந்து சொல்லுங்கள்.

ஏற்கெனவே சுருட்டோ, சிகரெட்டோ, வெற்றிலைப் புகையிலையோ பழக்கம் உள்ளவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கே கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுக்கத் திறக்க முடியாமை இவற்றில் எது இருந்தாலும், ஹவானா டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பல் மருத்துவரிடம் போய்க் காட்டிவிடுங்கள்.